ஆப்டேன் தோற்ற களமும் எம்ரேம், ரீரேம் பிடித்த இடமும்

மின்சாரம் நின்றாலும் தகவலை இழக்காத, அதே வேளையில் ரேமுக்கு நிகரான விரைவில் எழுதக்கூடிய நினைவகம் வந்துவிட்டால், மின்சாரம் நின்றதும் தகவலை இழக்கும் விரைவு நினைவகமான டிரேம், மின்சாரமின்றியும் காத்தாலும் மெதுவாக எழுதும் ஃபிளாஷ் இரண்டுக்குமே வேலை இருக்காது என்ற எதிர்பார்ப்பு, 2015 ஜூலையில் இன்டெலும் மைக்ரானும் 3டி எக்ஸ்பாயிண்ட் நுட்பத்தை அறிவித்தபோது உச்சத்தில் இருந்தது. சேமிப்புக்குப் பயன்படும் ஃபிளாஷ் வகையான நேண்டைவிட ஆயிரம் மடங்கு வேகம், ஆயிரம் மடங்கு ஆயுள், டிரேமைவிடப் பத்து மடங்கு அடர்த்தி என்பவை அன்றைய வாக்குறுதிகள். ஆப்டேன் என்ற பெயரில் அது சந்தைக்கும் வந்தது. 2022 ஜூலையில் இன்டெல் அதைக் கைவிட்டது. இன்று போட்டியில் உள்ளவற்றை எடைபோடும் எவரும் அந்தத் தோல்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேகத்தில் ஆப்டேன் சறுக்கவில்லை. டிரேம் ஏறத்தாழ 100 நானோ நொடியில் தரும் தகவலை அது 300 நானோ நொடி அளவில் தந்தது. நேண்டாலான சேமிப்பகங்களான எஸ்எஸ்டிகளுக்கோ பல பத்து மைக்ரோ நொடிகள் பிடிக்கும். சிக்கல் விலையில் இருந்தது. நேண்டில் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தபின், பல அடுக்குகளை ஊடுருவும் துளைகளை ஒரே மூச்சில் குடைந்துவிடுகிறார்கள். எக்ஸ்பாயிண்டில் ஒவ்வோர் அடுக்கின் வடிவத்தையும் தனித்தனியே ஒளியால் பதிக்க வேண்டியிருந்ததால், அடுக்கு கூடும்போது செலவும் கூடவே ஏறியது. முதல் தலைமுறையில் இரண்டு அடுக்கு, அடுத்ததில் நான்கு. மைக்ரான் தன் நேண்டில் 232 அடுக்குகளை எட்டியதும் அதே 2022 ஜூலையில்தான். போதாக்குறைக்கு, ஆப்டேன் நினைவகப் பலகைகள் இன்டெலின் குறிப்பிட்ட சர்வர் செயலிகளில் மட்டுமே ஓடின. அழியாத்தன்மையை முழுமையாகப் பயன்படுத்த மென்பொருளையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. 2021இல் மைக்ரான் விலகி, யூட்டா மாநிலத்து ஆலையை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு விற்றபோதே முடிவு தெரிந்துவிட்டது.

உண்மையான வாய்ப்பு வேறோர் இடத்தில், பெரிய சர்வர்களைவிட, கருவிகளை இயக்கும் சிறு ஒற்றைச் சில்லுக் கணினிகளான மைக்ரோகன்ட்ரோலர்களுக்குள் இருக்கிறது என்பதே என் கணிப்பு. சில்லுக்குள் பொதிந்த ஃபிளாஷுக்கு எழுதும்போது 10 வோல்ட் அளவிலான உயர் மின்னழுத்தம் தேவை. 28 நானோமீட்டர் தயாரிப்பு நுட்பத்துக்குக் கீழே அதைச் சுருக்குவது கட்டுப்படியாவதில்லை. காந்தத் திசையால் தகவலைக் காக்கும் எம்ரேம், ஆக்சைடு படலத்தின் மின்தடையால் காக்கும் ரீரேம் இரண்டையும் டிரான்சிஸ்டர்களுக்கு மேலுள்ள உலோக அடுக்குகளுக்கிடையே அமைத்துவிடலாம் என்பதால் இந்தத் தடை அவற்றுக்கு இல்லை.

எம்ரேமின் ஒவ்வொரு நுண்கலத்திலும் இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிப்புள்ள மக்னீசியம் ஆக்சைடு இருக்கிறது. இரு படலங்களின் காந்தத் திசையும் ஒத்திருந்தால் மின்தடை குறைவு, எதிரெதிராக இருந்தால் அதிகம். அணுக்கள் எதுவும் இடம்பெயராததால் தேய்மானம் மிகக் குறைவு. ஆனால் இரு நிலைகளுக்குமான மின்தடை வேறுபாடு இரண்டு மூன்று மடங்குதான் என்பதால் படிக்கும் சுற்றமைப்பு நுட்பமானதாக இருக்க வேண்டும். எழுதும் மின்னோட்டமும் கணிசமானது. வலுவான காந்தம் அருகே வந்தால் கவலைதான்.

ரீரேம் எளிமையானது: ஆக்சைடு படலத்துக்குள் ஆக்சிஜன் அணுக்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்களால் ஆன மெல்லிய கடத்தும் இழை ஒன்று உருவாகிறது, அறுகிறது. மின்தடை பத்து மடங்குக்கு மேல் மாறும், தயாரிப்பில் கூடுதல் படிகளும் குறைவு. ஆனால் இழை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உருவாவதில்லை. எழுதும் ஆயுளும் எம்ரேமைவிடக் குறைவு. நிரலை எப்போதாவது மட்டும் புதுப்பிக்கும் மலிவான சில்லுகளுக்கு அது தாராளமாகப் போதும். அங்கே எம்ரேமுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீண்.

கார்ச் சில்லுகளில்தான் விவாதம் சூடாக இருக்கிறது. தைவானின் சில்லுத் தயாரிப்பாளர் டிஎஸ்எம்சியை நம்பியுள்ள இரு கார்ச் சில்லு நிறுவனங்களில் இன்ஃபினியான் தன் ஆரிக்ஸ் மைக்ரோகன்ட்ரோலர் வரிசைக்கு 28 நானோமீட்டர் ரீரேமையும், என்எக்ஸ்பி 16 நானோமீட்டர் எம்ரேமையும் தேர்ந்தெடுத்தன. இன்னொரு சில்லு நிறுவனமான எஸ்டிமைக்ரோவோ இரண்டையும் விட்டு, படிக நிலைக்கும் கண்ணாடி நிலைக்கும் மாறும் பொருளாலான நினைவகத்தைப் பிடித்துக்கொண்டது. 20 மெகாபைட் நிரலைப் புதுப்பிக்க ஃபிளாஷுக்கு ஒரு நிமிடம் என்றால் எம்ரேமுக்கு ஏறத்தாழ மூன்று நொடி என்கிறது என்எக்ஸ்பி. காரின் மென்பொருள் அடிக்கடி மாறப்போகிறது என்றால் நான் எம்ரேம் பக்கமே சாய்வேன்.

எஃப்ரேம் தனி வகை: மின்புலத்தால் திசை மாறி, அது நின்றபின்னும் அதே திசையில் நிற்கும் மின்முனைவால் தகவலைக் காப்பது. மின்சார மீட்டர் ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் பதிகிறது என்று கொள்வோம். ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும் ஃபிளாஷின் ஒரே இடத்தில் அதைத் திரும்பத் திரும்ப எழுதினால் 69 நாளில் அந்த இடம் முடிந்துவிடும், எனவே எழுத்தைப் பல இடங்களுக்குப் பரப்பும் மென்பொருள் அவசியமாகிறது. எஃப்ரேமோ பத்து லட்சம் கோடி முறைக்கு மேல் தாங்குவதால் அந்தத் தொல்லை இல்லை. அதன் குறை கொள்ளளவு. ஹாஃப்னியம் ஆக்சைடிலும் இதே மின்பண்பு உண்டு என்று 2011இல் வெளியான ஆய்வு புதிய வழியைத் திறந்தது. 2023இல் மைக்ரான் அந்த வழியில் இரண்டு அடுக்குகளில் 32 கிகாபிட் சில்லு ஒன்றைச் செய்து காட்டியது. அது ஆய்வரங்கில் காட்டிய சில்லு. மீட்டர் செய்பவர் இன்று வாங்குவது சில மெகாபிட் அளவுள்ள பழைய வகையைத்தான்.