பயோடென்டின்: 5 சொட்டு, 30 விநாடி, 12 நிமிடம்

ஆழமான சொத்தையைச் சுரண்டும்போது ஊசிமுனை அளவுக்கு நரம்பு தெரிந்துவிட்டால், ஒரு காலத்தில் டைகல் என்ற கால்சியம் ஹைட்ராக்சைடு சிமென்ட்டை வைத்து மூடுவார்கள், இல்லையென்றால் நேரே ரூட் கேனலுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பல்லை உயிரோடு காப்பாற்ற இன்று கிடைக்கும் பொருள்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது, பிரான்ஸின் செப்டோடான்ட் நிறுவனம் தயாரிக்கும் பயோடென்டின் என்ற பல் சிமென்ட். சரக்கில் குறை குறைவு. கெட்டுப்போவதெல்லாம் பெரும்பாலும் கலக்கும் இடத்திலும், காத்திருக்க மறுக்கும் இடத்திலும்தான்.

பொடியின் பெரும்பகுதி ட்ரைகால்சியம் சிலிகேட். கூடவே கால்சியம் கார்பனேட்டும், எக்ஸ்-ரேயில் தெரிவதற்காக சிர்கோனியம் ஆக்சைடும் உண்டு. திரவம் என்பது தண்ணீர்தான்; சீக்கிரம் இறுகக் கால்சியம் குளோரைடும், குறைந்த தண்ணீரிலேயே குழைய ஒரு பாலிமரும் அதில் சேர்ந்திருக்கின்றன. இதே வகையில் பழைய சிமென்ட்டான எம்டிஏ முழுதாக இறுக இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். இது 12 நிமிடத்தில் இறுகிவிடுகிறது. எம்டிஏவில் உள்ள பிஸ்மத் ஆக்சைடு, ஹைப்போ (கிருமி கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்) பட்டால் கறுத்துப் பல்லையும் கறுக்கவைக்கும்; இதில் பிஸ்மத் இல்லை. கீழே விழுந்து முன்பல் உடைந்து வரும் குழந்தைகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ரத்தம் கலந்தால் இதுவும் நிறம் மாறும், அதை மறக்கக்கூடாது.

கலக்கும் முறைக்கு வருவோம். 0.7 கிராம் கேப்சூலை மேசையில் மெல்லத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். திரவக் குழாயையும் தட்டி, மூடிப் பக்கம் நிற்கும் திரவத்தைக் கீழே இறக்கிவிட்டுத் திறக்க வேண்டும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து 5 சொட்டு. சாய்த்துப் பிடித்தால் காற்றுக்குமிழி கலந்து சொட்டு சிறுத்துவிடும். எண்ணிக்கை ஐந்துதான், அளவு குறைவு. அப்போது கலவை ஈரமணல் மாதிரி உதிரும், கரண்டியில் நிற்காது. ஆறாவது சொட்டு விழுந்தாலோ குழகுழவென்று ஓடும், இறுகவும் நேரமாகும், வலுவும் குறையும். மூடி, நிமிடத்துக்கு 4,000 முதல் 4,200 சுற்று வேகமுள்ள அமால்கமேட்டரில் (கேப்சூலைக் குலுக்கிக் கலக்கும் மெஷின்) 30 விநாடி. பழைய மெஷின்களில் பல அந்த வேகத்தைத் தொடாது; வாங்கும் முன் உங்கள் மெஷினின் வேகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. கையால் கிளறினால் இதே குழைவு வராது. கலவை இளகலாக இருந்தால் இன்னொரு அரை நிமிடம் விட்டுவிட்டு எடுங்கள், கெட்டிப்படும்.

வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ரத்தம். எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் டேம் போட்டு, ஹைப்போவில் நனைத்த பஞ்சை நரம்பின் மேல் சில நிமிடம் வைத்திருங்கள். ரத்தம் நின்றால் பயோடென்டின். நிற்கவில்லை என்றால் மேலே 2 முதல் 3 மி.மீ. நரம்பை வெட்டி எடுத்து மறுபடி பாருங்கள். அதற்கும் அடங்காத நரம்பின் மேல் எந்த விலை உயர்ந்த சிமென்ட்டை வைத்தும் பயனில்லை. வீக்கம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கலக்கத் தொடங்கியதிலிருந்து சுமார் 6 நிமிடம் வரை வேலை பார்க்கலாம். அழுத்தித் திணிக்காமல் மெல்லப் படியவையுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் உருவாகிவரும் படிகம் உடைந்துபோகும். அதன் பிறகு, கலக்கத் தொடங்கியதிலிருந்து 12 நிமிடம் ஆகும் வரை தண்ணீர், ஏர், பர் (துளையிடும் முனை) எதுவும் வேண்டாம். பல கிளினிக்குகளில் சறுக்குவது இங்கேதான். ஆறேழு நிமிடத்திலேயே ‘கெட்டியாகிவிட்டது’ என்று கழுவுகிறார்கள். மேற்பரப்பு கரைந்து போகிறது. ஏர் அடித்தால் காய்ந்து வெடிக்கிறது.

அடுத்த கேள்வி, அன்றைக்கே மேலே காம்போசிட் (பல் நிற ஃபில்லிங்) வைக்கலாமா? வைக்க முடியும், ஆனால் இளம் சிமென்ட்டில் பாண்டிங் (காம்போசிட்டை ஒட்டும் பசை) பிடிமானம் பலவீனம். காம்போசிட் சுருங்கும்போது இழுக்கும் இழுப்பில் அடியோடு பெயர்ந்துவிடலாம். பாஸ்போரிக் ஆசிட் பட்டால் மேற்பரப்பு அரிக்கும் என்பதால், வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்த ஆசிட்டை (எட்சண்ட்) எனாமலோடு நிறுத்திவிட்டு, தனி ஆசிட் தேவைப்படாத செல்ஃப் எட்ச் முறையில் பாண்டிங் போடுங்கள். எங்கள் பரிந்துரை இரண்டு வருகை: முதல் நாள் குழி முழுவதையும் பயோடென்டினாலேயே அடைப்பது, குறைந்தது 2 வாரம் கழித்து மேல்பகுதியைச் செதுக்கி, நரம்பின் மேல் 2 மி.மீ. கனமாவது விட்டு, காம்போசிட் வைப்பது. முதல் மணி நேரத்தில் 100 மெகாபாஸ்கல் அளவுக்கு இருக்கும் அமுக்க வலு, ஒரு மாதத்தில் 300ஐ நெருங்குகிறது. அந்த அவகாசத்தைக் கொடுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

குறைகள் இரண்டு. எக்ஸ்-ரேயில் இதன் நிழல் டென்டினை ஒட்டியே இருக்கிறது. பல்லின் தலைப்பகுதியில் சமாளித்துவிடலாம். வேர்நுனி அறுவையில் 3 மி.மீ. அடைத்துவிட்டுப் படத்தில் தேடினால் கண்ணுக்குப் பிடிபடாது. அந்த வேலைக்கு எம்டிஏவே மேல். இரண்டாவது, விலை. கடுகளவு நரம்பை மூட ஒரு முழு கேப்சூலை உடைக்க வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. குழி முழுக்க அடைப்பவருக்கு விலை கட்டுப்படியாகும். துளி மட்டும் வைப்பவருக்குக் குழைத்தே வரும் பயோசெராமிக் புட்டி சிக்கனம்.

நோயாளிக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. வெள்ளையாக இருப்பதால் ‘ஃபில்லிங் முடிந்தது’ என்று பலர் திரும்பி வருவதில்லை. இது தாக்குப்பிடிப்பது அதிகபட்சம் 6 மாதம். அதன் பிறகு கடிக்கும் பக்கம் தேயும், ஓரம் உடையும், எச்சில் உள்ளே இறங்கும். அடுத்த தேதியை அன்றே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். வரும்போது ஃபில்லிங் முடிப்பதற்கு முன் குளிர் சோதனையும் ஒரு எக்ஸ்-ரேயும் பார்த்துவிடுங்கள். நரம்பு சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.