போதை ஆலோசகர் தேர்வுக்கு நான் படித்தவை: இரண்டு வருடம் கழித்து எது இன்னும் மேசைமேல் இருக்கிறது

நியூ ஜெர்சியில் சி.ஏ.டி.சி. என்கிற போதை ஆலோசகர் சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். 2023 மே மாதம் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. முதல் தடவை 478. 500 வந்தால்தான் பாஸ். கணினித் திரையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கார் பார்க்கிங்கில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாருக்கும் போன் செய்யவில்லை.

இப்போது மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள்: "அக்கா, எந்த கோர்ஸ் வாங்குனீங்க?" பெரும்பாலும் என்னைப் போலவே கணவரின் விசாவில் வந்து, வேலை அனுமதி கிடைத்ததும் ஏதாவது உருப்படியாகச் செய்யலாம் என்று நினைக்கிறவர்கள். ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. அல்லது சைக்காலஜி முடித்தவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு. நான் சொல்வது நான் எழுதிய 2023-ன் நியூ ஜெர்சிக் கணக்கு: 270 மணி நேர வகுப்பு, மேற்பார்வையில் 3000 மணி நேர வேலை, அதோடு 30 சுயஉதவிக் குழுக் கூட்டங்களுக்குப் போய்வந்த கணக்கு. இவை தவிர எழுத்துத் தேர்வு. அதை நடத்துவது ஐ.சி.ஆர்.சி. என்ற அமைப்பு. 150 கேள்வி, 3 மணி நேரம். அதில் 25 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, அடுத்த தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை. எந்த 25 என்று நமக்குத் தெரியாது. மதிப்பெண் 200 முதல் 800 வரை ஓடும். தோற்றால் அப்போது 90 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் வாங்கிய முதல் பொருள் ஓர் ஆன்லைன் கேள்வி வங்கி. பெயர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு நூற்றுச் சொச்சம் டாலர், ஆயிரத்துக்கு மேல் கேள்விகள், ஒவ்வொரு முறையும் பச்சை நிறத்தில் ஒரு சதவீதம். 62-ல் ஆரம்பித்து 91 வரை ஏறினேன். அந்தப் பச்சை நிறம் இருக்கிறதே, அதுவே ஒரு போதை. காலையில் எழுந்ததும் ஒரு இருபது கேள்வி, குழந்தையைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஒரு இருபது. எனக்குக் கேள்விகள் மனப்பாடம் ஆகிக்கொண்டிருந்தன என்பது அப்போது உறைக்கவில்லை. முதல் நான்கு சொல்லைப் பார்த்தாலே விடை தெரியும்.

மனப்பாடத்தை விட மோசம், சரக்கு பழசு. 'அப்யூஸ்' (தவறான பயன்பாடு), 'டிபென்டன்ஸ்' (அடிமையாதல்) என்று இரண்டு தனி நோய்களாகப் பிரித்துக் கேட்கும் கேள்விகள் அதில் நிறைய. மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின் 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இப்போது 11 அறிகுறிகள். இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கு ஐந்து நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் கடுமையானது. போலீஸ் கேஸ் போன்ற சட்டச் சிக்கலைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு, 'கிரேவிங்' என்கிற அடங்காத ஏக்கத்தைச் சேர்த்தார்கள். என் வங்கி சட்டச் சிக்கலை இன்னும் சரியான விடை என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது. ஹெராயின் வகைப் போதைக்குச் சிகிச்சையாகத் தரும் ப்யூப்ரநார்ஃபின் மருந்தை எழுதித் தர டாக்டர்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்றும் ஒரு கேள்வி. அந்த அனுமதி முறையையே 2022 டிசம்பர் கடைசியில் கையெழுத்தான சட்டம் எடுத்துவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. கேள்வி அப்படியே இருந்தது.

மொத்தமாகத் தண்டம் என்று சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரும் பழக்கம் அதில்தான் வந்தது. அதற்கு ஒரு மாதச் சந்தா போதும், அதுவும் கடைசி மாதம்.

என்னைக் கரையேற்றியவை காசில்லாமல் கிடைத்தவை. போதையையும் மனநலத்தையும் கவனிக்கும் அமெரிக்க அரசின் சாம்ஸா அமைப்பு டி.ஐ.பி. என்ற வரிசையில் கையேடுகள் போடுகிறது. பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம், நான் கேட்டவற்றில் சிலவற்றை அச்சுப் பிரதியாகவே தபாலில் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் படிக்க ஆரம்பித்தால் பேரப்பிள்ளை காலத்தில்தான் பரீட்சை எழுத முடியும். நான் படித்தது நான்கு: 35 மனமாற்ற உந்துதல், 42 மனநோயும் போதையும் சேர்ந்து வருவது, 45 டீடாக்ஸ், அதாவது போதையை உடம்பிலிருந்து இறக்குவது, 63 ஹெராயின் போன்ற ஓபியாய்ட் போதைக்கான சிகிச்சை மருந்துகள். இவற்றோடு டி.ஏ.பி. 21. ஒரு போதை ஆலோசகருக்குத் தெரிய வேண்டிய 123 திறன்களை வரிசைப்படுத்திய புத்தகம். படிக்க வறட்டு வறட்டென்று இருக்கும், ரேஷன் கடை லிஸ்ட் மாதிரி. ஆனால் கேள்வி எழுதுகிறவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பது இதில் தெரிந்த அளவுக்கு வேறு எதிலும் எனக்குத் தெரியவில்லை.

45-ஐப் படித்த இரவைச் சொல்ல வேண்டும். குடியை நிறுத்தும்போது வரும் உடல் தொல்லைகளை அளக்க சிவா என்று ஒரு அளவுகோல் உண்டு, 10 அம்சங்கள். கை நடுக்கம், வியர்வை, பதற்றம், குமட்டல் என்று போகும். அதில் ஒன்று, தோலில் ஏதாவது ஊர்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்பது. இன்னொன்று, இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

சாத்தூரில் என் சித்தப்பா ஒரு கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார். அதற்கு முந்தைய இரவு வரை தினமும் குடித்தவர், மாலை போட்டதும் ஒரு சொட்டு தொடவில்லை. வீடே பூரித்துப் போயிருந்தது. மூன்றாம் நாள் கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, சுவரில் எறும்பு ஊருது எறும்பு ஊருது என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். சாமி வந்திருக்கு என்றார்கள் சிலர். மாலையோடு ஏதோ தீட்டுப் பண்ணிட்டான், அதான் என்றார்கள் சிலர். வலிப்பு வந்த பிறகுதான் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். எனக்கு அப்போது பதினோரு வயது. முப்பது வருடம் கழித்து நியூ ஜெர்சியின் எடிசனில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அது டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று தெரிந்துகொண்டேன். நாள் கணக்குகூட ஒத்துப்போனது: கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளில்தான் அது கிளம்பும். ஹெராயினை நிறுத்தினால் ஆள் செத்துவிடுவோம் என்று துடிப்பார், ஆனால் சாவது அபூர்வம். சாராயத்தையும் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் பென்சோடயஸெபின் மாத்திரையையும் சட்டென்று நிறுத்தினால்தான் உயிருக்கு ஆபத்து.

இதற்கப்புறம் 'முதலில் என்ன செய்வீர்கள்' வகைக் கேள்வியில் நான் தவறவே இல்லை. இரண்டு நாளாகக் குடிக்கவில்லை, நடுக்கம், வியர்வை என்று கேள்வியில் இருந்தால், சிகிச்சைத் திட்டம், குடும்பக் கூட்டம், எதுவும் வேண்டாம். முதலில் மருத்துவர். ஆளை உயிரோடு வைத்துக்கொண்டு அப்புறம் கவுன்சிலிங்.

தவறியது வேறிடத்தில். தோற்றவர்களுக்குப் பகுதிவாரியாகச் சதவீதம் தருகிறார்கள். எனக்கு அறிவியல் நன்றாக இருந்தது, சட்டமும் நெறிமுறையும் பரவாயில்லை, சிகிச்சையும் கவுன்சிலிங்கும்தான் விழுந்திருந்தது. தினமும் வேலையில் செய்கிற விஷயம்! அதிக எடை உள்ள பகுதியும் அதுதான்.

அந்த 90 நாளில் புதுக் கேள்விகள் போடுவதை விட்டுவிட்டு ஒரு நோட்டுப் போட்டேன். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும், நான் எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று தமிழில் இரண்டு வரி. 'ஏன்' தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் புத்தகத்தின் காரணத்தைத்தான் எழுதுவோம். தமிழில் எழுதும்போது நம் காரணம் வந்துவிடும்.

ஒரு மாதிரி சொல்கிறேன், நானே எழுதிய கேள்வி. மனைவியின் வற்புறுத்தலால் ஒருவர் வருகிறார். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, பிரச்சினையே அவள்தான்" என்கிறார். அடுத்து ஆலோசகர் என்ன செய்வார்? ஈரல் கெடுவதை விளக்குவாரா, மனைவியைக் கூப்பிட்டுப் பேசுவாரா, குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்புவாரா, "வீட்டில் சொன்னதற்காக வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு இது வேண்டாத வேலையாகப் படுகிறது" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வாரா? விடை கடைசியது. இப்படிப்பட்ட கேள்விகளில் நான் ஈரலுக்கும் மனைவிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். நோட்டில் 'ஏன்' என்ற இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே வரி: "எடுத்துச் சொன்னால் புரிஞ்சுக்குவார்."

இருபது பக்கம் அப்படி. அண்ணன் குடித்தால் தம்பி எடுத்துச் சொல்வான், தம்பி குடித்தால் மாமா எடுத்துச் சொல்வார். நாம் வளர்ந்தது அப்படி. 35-ஆம் கையேட்டில் இதற்குப் பெயரே இருக்கிறது, ரைட்டிங் ரிஃப்ளெக்ஸ். எழுதுகிற ரைட்டிங் இல்லை, சரிசெய்கிற ரைட்டிங். எதிரே ஒருவர் தப்புப் பண்ணினால் உடனே கையைப் பிடித்துத் திருத்தப் பார்க்கும் துடிப்பு. நாம் ஒரு பக்கம் இழுக்க இழுக்க அவர் மறுபக்கம் வாதாட ஆரம்பிப்பார் என்பது அதன் சாரம். மில்லரும் ரோல்னிக்கும் உருவாக்கிய உரையாடல் முறை இது. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பகுதியைத் தாண்ட முடியாது.

என்னோடு படித்தவர் எனக்கு நேரெதிர். ஐம்பது தாண்டிய கறுப்பின மனிதர், 11 வருடமாகப் போதையைத் தொடாதவர். தெருவில் என்ன மருந்து என்ன பெயரில் ஓடுகிறது என்பதிலிருந்து எல்லாம் அத்துப்படி. ஹெராயின் கிடைக்காதபோது உடம்பு படும் பாடான 'டோப் சிக்' என்றால் என்ன என்று எனக்கு அவர்தான் நடித்துக் காட்டினார். ஆனால் கேள்விக்குத் தன் வாழ்க்கையிலிருந்து விடை சொல்வார். "நானும் அங்கே இருந்தவன்தான் என்று சொல்" என்று ஒரு விடை இருந்தால் கை அங்கேதான் போகும். நான் அறிவுரையில் விழுந்தேன், அவர் சுயசரிதையில் விழுந்தார். சனிக்கிழமை தோறும் ஒருவர் நோட்டை ஒருவர் திருத்தினோம். பணம் கொடுத்து வாங்கிய எதையும்விட அந்தச் சனிக்கிழமைகள் வேலை செய்தன. அவர் எனக்கு இரண்டு மாதம் முன்பே, முதல் தடவையிலேயே பாஸ் ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த 30 கூட்டங்களைப் பலர் கையெழுத்துக்காக முடிக்கிறார்கள். ஏ.ஏ., மற்றப் போதைகளை விட நினைப்பவர்களுக்கான என்.ஏ., அல்-அனான் மூன்றுக்கும் போனேன். முதலில் ஒரு மூலையில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். குடிப்பவரின் வீட்டார் கூடும் அல்-அனானில் ஓர் அம்மாள், மகன் கையில் படாமல் கார் சாவியைத் தான் ஒளித்துவைக்கும் இடங்களை வரிசையாகச் சொன்னபோது, சித்தி அரிசிப் பானையில் பணம் ஒளித்தது ஞாபகம் வந்தது. பரீட்சைக்கு இதனால் எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆங்கி என்ற, கேள்வி-விடை அட்டைகளைப் புரட்டி மனப்பாடம் செய்யும் செயலி, மருந்துப் பெயர்களுக்கும் எண்களுக்கும் மட்டும் நல்லது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. குடிப்பழக்கத்தைக் கண்டறியும் கேள்விப் பட்டியல்களில் கேஜ் 4 கேள்வி, ஆடிட் 10 கேள்வி, இதையெல்லாம் அதில் போடலாம். நெறிமுறையை அட்டையில் போட்டு வீணாக்கினேன். அது சூழ்நிலையில்தான் புரியும்.

உதாரணத்துக்கு 42 சி.எஃப்.ஆர். பார்ட் 2, போதைச் சிகிச்சை ரகசியம் பற்றிய சட்டம். படிக்கும்போது வறட்டு வரிகள். வேலையில் சேர்ந்தபின் ஒருநாள் ஒரு தாய் போன் செய்து, என் உச்சரிப்பை வைத்துக் கண்டுபிடித்து, தமிழுக்கு மாறினார். "என் மகன் அங்க இருக்கானாம்மா? இருக்கான்னு மட்டும் சொல்லு, வேற ஒண்ணும் வேண்டாம்." இருக்கிறார் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு இன்னொருவருக்குச் 'சொல்ல முடியாது' என்றால் அதுவே 'இருக்கிறார்' என்பதாகிவிடும். "அம்மா, யாரைப் பற்றிக் கேட்டாலும் எங்களால் சொல்ல முடியாது" என்று மூன்று முறை சொன்னேன். "நீயும் ஒரு தாய்தானே" என்று வைத்துவிட்டார். அன்று அட்டை உதவவில்லை. சூப்பர்வைசர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேள்வியில் 'ஃபர்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'எக்ஸெப்ட்' எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நமக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. அவசரத்தில் அந்த ஒரு சொல் கண்ணில் படாது. ஸ்வெட்டர் கொண்டுபோங்கள், என் அறையில் ஏ.சி. குளிர் தாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மேசைமேல் மிஞ்சியிருப்பது 35-ம் 63-ம், முனை சுருண்ட டி.ஏ.பி. 21-ம், நோட்டும். புது ஆள் வந்து எரிச்சலூட்டும்போது நோட்டை எடுத்து அந்த "எடுத்துச் சொன்னால்" பக்கங்களைப் புரட்டுவேன். இன்னும் அந்தப் புத்தி போகவில்லை.

கடைசியாக, என் ஆங்கி அட்டைகளைக் கேட்டு மெசேஜ் போடாதீர்கள். நான் பாஸ் பண்ணின அதே 2023 கடைசியில் யாருக்கு எந்த அளவு சிகிச்சை வேண்டும் என்று முடிவு செய்ய உதவும் ஏ.எஸ்.ஏ.எம். வழிகாட்டியின் நான்காம் பதிப்பு வந்து, 'மாறத் தயாரா' என்பதைத் தனிப் பரிமாணமாக வைத்திருந்ததை எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் பார்ட் 2 விதிகளும் மாறின. அட்டைகளில் பாதி இப்போது பொய் சொல்லும். நீங்களே செய்துகொள்ளுங்கள். சனிக்கிழமைக்கு ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், எடிசன் பக்கம் என்றால் நானே வருகிறேன்.