குளிர்கால மனச்சோர்வுக்கு விளக்கா, மாத்திரையா?

குளிர்காலம்தோறும் வந்து வசந்தத்தில் விலகும் பருவகால மனச்சோர்வை 1984-இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் குழுவினர் விவரித்தார்கள். ஒளி சிகிச்சையும் அப்போதே பேசப்பட்டது. காலையில் எழுந்தவுடன் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்குப்பெட்டியின் முன் சுமார் 30 நிமிடம் உட்கார வேண்டும். விளக்கையே முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கண் திறந்திருந்தால் போதும், படிக்கலாம், சாப்பிடலாம். பலருக்கு ஓரிரு வாரத்திலேயே தெம்பு தெரியும். தலைவலி, கண் கூச்சம் வரலாம்.

மனச்சோர்வுக்கான மாத்திரையை விழுங்க ஒரு நொடிதான். ஆனால் முழுப் பலனுக்குப் பல வாரம் பொறுக்க வேண்டும். குமட்டல், தூக்கக் கோளாறு, பாலுணர்வுக் குறைவு எல்லாம் கூடவே வரக்கூடும்.

சரி, எது மேல்? கனடாவில் 96 பேரிடம் விளக்கையும் ஃப்ளூவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையையும் 8 வாரம் ஒப்பிட்டார்கள். 2006-இல் வெளியான முடிவு: இரண்டிலும் 67 சதவீதத்தினருக்குப் பலன்!

தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் விளக்கைத்தான் முதலில் சொல்வேன். இருமுனைக் கோளாறோ (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) விழித்திரை நோயோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். தற்கொலை எண்ணம் வந்தாலோ, விளக்கை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.