வைஃபைய நம்பாம கேபிள் இழுத்தேன், வாங்குன சாமான் எப்படின்னு சொல்றேன்

ரூட்டர் ஹால்ல இருக்கு, நான் வேலை பாக்குற ரூம் கடைசில, நடுவுல ரெண்டு சுவர். ஸ்பீட் டெஸ்ட் போட்டா நல்லாத்தான் காட்டும், ஆனா வீடியோ கால்ல நான் வாயத் திறந்ததும் அந்தப் பக்கம் "ஹலோ, கேக்குதா"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. வைஃபை சிக்னல நீட்டிக் குடுக்குற எக்ஸ்டெண்டர் ஒண்ணு வாங்கி மாட்டினேன், சிக்னல் ஃபுல்லா காட்டுச்சு, கால் மட்டும் அதே மாதிரி திக்கித் திக்கித்தான் வந்துச்சு. சரி போதும்னு ஒரு லீவு நாள்ல உக்காந்து கேபிளே இழுத்துட்டேன். வாங்குனது கேட் 6ங்கற ரகத்து நெட் கேபிள் 30 மீட்டர், ஒரு நெட் லைன பல சாதனத்துக்குப் பிரிச்சுக் குடுக்குற அஞ்சு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச், அப்புறம் கேபிள் முனையில கனெக்டர அழுத்தி மாட்டுற கிரிம்பிங் டூலும், கம்பியெல்லாம் ஒழுங்கா சேர்ந்திருக்கான்னு பாக்குற டெஸ்டரும் சேர்ந்த ஒரு செட்டு.

கேபிள்ல தான் முதல்ல ஏமாந்தேன். கவர்ல பெருசா கேட் 6னு போட்டிருந்துச்சு, விலையும் கம்மி, கையில தூக்குனா லேசா இருந்துச்சு, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். தோலை உரிச்சு ஒரு கம்பிய பிளேடால சுரண்டுனா உள்ள வெள்ளை வெளேர்னு அலுமினியம், மேல செம்பு முலாம் மட்டும். இதைத்தான் சிசிஏன்னு சொல்றாங்க. ரெண்டு மூணு தடவ மடக்கினாலே டக்குனு ஒடிஞ்சு போகுது, இதுல கேபிள் வழியாவே கேமராவுக்கு கரண்ட் குடுக்கலாம்னு வேற நினைச்சிருந்தேன், மின்தடை ஜாஸ்திங்கறதால அதுக்கு சுத்தமா ஆகாது. திருப்பிக் குடுத்துட்டு முழு செம்பு போட்டது வாங்கினேன். கேட் 5இ இருந்தாலே 100 மீட்டர் வரைக்கும் 1 கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்பீட் போகும், கேட் 6ல 55 மீட்டர் வரைக்கும் 10 கிகாபிட்டே போகும், அதனால வீட்டுக்குள்ள இழுக்க கேட் 8 வாங்குங்கன்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

கிரிம்பிங் டூல் பரவால்ல, கைப்பிடி கொஞ்சம் லூசு. ஆனா வேலை தான் பெண்ட நிமித்திடுச்சு. எட்டு கம்பியையும் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்னு வரிசையா அடுக்கி அந்த சின்ன கனெக்டர்குள்ள தள்ளணும், நீலத்தை தள்ளுறதுக்குள்ள பச்சை இடம் மாறிடும். ரெண்டு முனையிலயும் ஒரே வரிசை இருக்கணும். கம்பிங்க ரெண்டு ரெண்டா முறுக்கி இருக்கும், அந்த முறுக்கை அரை இஞ்சுக்கு மேல பிரிச்சுடாதீங்க, அந்த முறுக்கு தான் பக்கத்து கம்பியோட இரைச்சல் இதுல ஏறாம பாத்துக்குது. முதல் முனைக்கு மட்டும் அரை மணி நேரம், மூணு கனெக்டர் குப்பைக்குப் போச்சு.

எல்லாம் முடிச்சு லேப்டாப்ல சொருகினா ஸ்பீட் 94லயே நிக்குது, என் பிளான் 300 எம்பிபிஎஸ். ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, நெட் கம்பெனிக்காரங்கள மனசுக்குள்ள திட்டி, கடைசில டெஸ்டர மாட்டுனா, கம்பிக்கு ஒண்ணா இருக்குற எட்டு லைட்ல 7வது எரியல! வெள்ளை பிரவுன் கம்பி முனை வரைக்கும் போய் முட்டல. 100 எம்பிபிஎஸ்க்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும், அதனால நெட் வரும் ஆனா 100க்கு இறங்கிடும். உங்களுக்கும் 94ங்கற மாதிரி வந்து நின்னா முதல்ல கனெக்டர பாருங்க. திரும்ப அடிச்சேன், 300ம் வந்துச்சு.

ஸ்விட்ச் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, சொருகினேன், வேலை செய்யுது, சூடு கூட ஆகல.

இப்ப நிஜமான வித்தியாசம் ஸ்பீட்ல இல்ல. ரூட்டருக்கு பிங் போட்டா, அதாவது ஒரு சேதி போய் பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்தா, முன்னாடி 3, 4னு இருக்கும், திடீர்னு 80, 120னு குதிக்கும், இப்ப 1 மில்லிசெகண்ட தாண்டுறதே இல்ல. வைஃபைல ஒரே சேனல்ல, அதாவது ஒரே அலைவரிசைல, இருக்குறவங்க ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும், பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே சேனல்ல இருந்தா அதுவும் அந்த க்யூல தான். கேபிள்ல அனுப்புறதும் வாங்குறதும் ஒரே நேரத்துல நடக்குது, அந்த மாதிரி க்யூ கிடையாது. டிவிக்கும் ஒரு வயர் குடுத்தேன், அதோட போர்ட்டே 100 எம்பிபிஎஸ் தான்னு அப்புறம் தான் தெரிஞ்சுது, ஆனா 4கே படத்துக்கு 25 இருந்தாலே தாராளம், சுத்திக்கிட்டே நிக்கறது போச்சு. டிவியும் லேப்டாப்பும் வைஃபைய விட்டு இறங்கினதுல போனுக்கெல்லாம் இப்ப நல்லா வருது, இத நான் எதிர்பாக்கல.

குறைன்னா, சுவர் ஓரமா வெள்ளையா ஒரு கோடு ஓடுது. அப்புறம் நேர்கோட்டுல அளந்து 20 மீட்டர் போதும்னு நினைச்சேன், கதவு சட்டத்தை சுத்தி, கரண்ட் வயர் போற கேசிங்க ஒட்டாம தள்ளி கொண்டு போனதுல 27 ஆகிடுச்சு, முதல்ல ஒரு நூல வெச்சு அளந்துக்கோங்க. அடுத்து மாடி ரூமுக்கும் இழுக்கலாம்னு இருக்கேன், சுவர்ல ஓட்டை போடணும்னு சொன்னேன், வீட்ல இன்னும் பதில் வரல.