விஎம்வேர் மாநாடுகளுக்குப் போவது காசுக்குத் தகுமா? திருகோணமலையிலிருந்து ஒரு சிஸ்டம் அட்மினின் அனுபவம்

நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களும் சீனக்குடாவில் ஒரு களஞ்சியமும் வைத்திருக்கும் கம்பனியின் சேர்வர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. அறை முன்பதிவு, கணக்கு, சம்பளம், கமராப் பதிவு எல்லாமே விஎம்வேர் மேல் ஓடும் வேர்ச்சுவல் மெஷின்கள். ஒரே சேர்வரைப் பல கணினிகளாகப் பிரித்து ஓட்டும் மென்பொருளும் அதை விற்கும் கம்பனியும்தான் விஎம்வேர், அப்படிப் பிரித்த ஒவ்வொன்றும் ஒரு வேர்ச்சுவல் மெஷின். அதனால் பல வருடமாக இந்தத் துறையின் மாநாடுகளை விடாமல் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் ஒன்லைனில், வாய்த்தபோது கொழும்பில் நடக்கும் சின்னக் கூட்டங்களில், ஒரு தடவை பார்சிலோனாவுக்கே போய். கிழக்கில் வேலை பார்க்கும் இளம் அட்மின்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "அண்ணா, இதுக்கெல்லாம் போறதில பிரயோசனம் இருக்கா?" நிச்சயமாக இருக்கிறது. ஆனால் முன்பு எதற்காகப் போனோமோ, இப்போது அதற்காகப் போய்ப் பயனில்லை.

முதலில் எங்கள் ஊர்ச் சிக்கல். விஎம்வேரின் பெரிய மாநாடு அமெரிக்காவில் ஓகஸ்ட் மாதத்தை ஒட்டித்தான் வரும். எங்களுக்கு அது உச்ச சீசன். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளியும் நிலாவெளியும் நிரம்பி வழியும்போது சேர்வர் பார்க்கிறவனுக்கு எவரும் லீவு தரமாட்டார்கள். ஐரோப்பிய மாநாடு 2024 வரை நவம்பரில் நடந்தது. அப்போது இங்கே மாரி, ஹோட்டல்களில் ஆள் குறைவு, லீவு கேட்க முடிந்தது. ஒன்லைனில் பார்ப்பவர்களுக்கு நேர வித்தியாசம் உண்மையில் வசதிதான். லாஸ் வேகாஸில் காலை 9 மணிக்குத் தொடங்கும் மேடைப் பேச்சு இங்கே இரவு 9.30க்கு வரும். சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக உட்கார்ந்து பார்க்கலாம்.

2004இல் விஎம்வேர்ல்ட் என்ற பெயரில் தொடங்கிய மாநாடு இது. 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் முழுக்க ஒன்லைனுக்கு வந்தது, பொது அனுமதியும் இலவசம். எங்களைப் போல தூரத்தில் இருப்பவர்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான். அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பயன் ஹேண்ட்ஸ்-ஒன் லேப். பிரவுசரைத் திறந்தால் போதும், ஹோஸ்ட் (வேர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சேர்வர்), ஸ்டோரேஜ், நெட்வேர்க் எல்லாம் கட்டி முடித்த ஒரு லேப் முன்னே வந்து நிற்கும். திருகோணமலையில் பயிற்சிக்கென்று மூன்று சேர்வர் வாங்கித் தரும் கம்பனி எது? பல ஹோஸ்ட்களின் டிஸ்க்குகளை ஒரே ஸ்டோரேஜாகச் சேர்க்கும் விஎசேன் நான் படித்தது அங்கேதான். ஓடுகிற கிளஸ்டரில் (ஒன்றாகச் சேர்த்த ஹோஸ்ட்களில்) ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே விழுத்தி, தரவு மற்ற ஹோஸ்ட்டில் மறுபடி கட்டப்படுவதைக் கண்ணால் பார்த்தேன். சம்பளக் கணக்கு ஓடும் சேர்வரில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

2022இல் மாநாட்டின் பெயர் விஎம்வேர் எக்ஸ்புளோர் என்று மாறியது. அதே வருடம் மே 26ஆம் திகதி, ஏறத்தாழ 6,100 கோடி டொலருக்கு விஎம்வேரை வாங்கப்போவதாக அமெரிக்கச் சிப் கம்பனியான புரோட்கொம் அறிவித்தது. நாங்கள் அப்போது வேறு உலகத்தில் இருந்தோம். மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டியிருந்தது. மின்வெட்டு, டீசல் வரிசை. யூபிஎஸ் பற்றரியும் ஜெனரேற்றரும்தான் அந்த மாதங்களில் என் முழுநேரக் கவலை. கம்பனி கைமாறப்போகும் செய்தி எங்கள் லைசன்ஸ் வரைக்கும் வந்து சேரும் என்று இங்கே பலரும் அப்போது பேசவேயில்லை.

பார்சிலோனாவுக்குப் போனது 2023 நவம்பரில், கம்பனிச் செலவில். விசாவும் டிக்கெட்டும் பெரும்பாடு. ஃபிரா கிரான் வியா என்ற அந்த மண்டபத்தின் பரப்பே கால் வலிக்க வைக்கும். மேடையில் செயற்கை நுண்ணறிவு பற்றி நிறையப் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். வெளியே கோப்பிக் கோப்பையுடன் நின்றவர்களோ ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள்: கைமாற்றம் எப்போது முடியும், பிறகு விலை என்னாகும்? சீனாவின் அனுமதி மட்டும்தான் பாக்கி நின்ற நேரம். ஸ்டோலில் நின்ற பொறியியலாளர்களிடம் கேட்டால் மரியாதையாகப் பேச்சை மாற்றினார்கள். தங்கள் வேலை என்னாகும் என்பதே தெரியாமல் நிற்கிறவர்களிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மாநாடு முடிந்து இரண்டு வாரத்துக்குள், நவம்பர் 22ஆம் திகதி, கைமாற்றம் முடிந்தது. டிசம்பரில் நிரந்தர லைசன்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டு, இனி சந்தா மட்டும் என்றானது. 2024 பெப்ரவரியில், சேர்வரில் நேரே போடும் விஎம்வேரின் அடிப்படை மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பையும் எடுத்துவிட்டார்கள். அது மறுபடி வந்தது 2025 ஏப்ரலில்தான்.

அந்தப் பயணம் வீணில்லை. பிற நாடுகளில் நடுத்தரக் கம்பனிகளில் வேலை செய்பவர்கள் அந்த நவம்பரிலேயே வேறு வழி தேடத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் பழைய சேர்வரில், விஎம்வேரின் வேலையைச் செய்யும் திறந்த மூல மென்பொருளான புரொக்ஸ்மொக்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் மைக்ரோசொஃப்டின் ஹைப்பர்-விக்குத் திரும்பும் யோசனையில் இருந்தார். இதை எந்த மேடையிலும் கேட்டிருக்க முடியாது. ஊருக்கு வந்ததும் என் மேலாளருக்கு நான் கொடுத்த அறிக்கையில் முக்கால்வாசி இந்தப் பேச்சுகள்தான்.

ஆனால் என் வேலைக்கு நேரடியாக உதவியது அதைவிடச் சின்ன ஒரு கூட்டம். கொழும்பில், இருபது முப்பது பேர் உட்காரும் அறை. இரவு பஸ்ஸில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகப் போய், விடிய முகம் கழுவிக்கொண்டு நேரே கூட்டத்துக்கு. இடைவேளையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, ஸ்லைடை விடுங்கோ. உங்கட ஹோஸ்ட்டில எத்தினை கோர் எண்டு முதல்ல சொல்லுங்கோ" என்றார். மூன்று ஹோஸ்ட், ஒவ்வொன்றிலும் இரண்டு புரொசெசர், புரொசெசருக்கு 8 கோர் (புரொசெசருக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு). ஆக 48. அவர் ஒரு துண்டுக் கடதாசியை எடுத்தார். கோர் எண்ணிக்கையில் போடும் லைசன்ஸ் கணக்கில் ஒரு புரொசெசருக்குக் குறைந்தது 16 கோர் வாங்கியாக வேண்டும். 8தான் இருக்கிறது என்றாலும் 16 ஆகத்தான் எண்ணுவார்கள். எங்கள் 48, அந்தக் கடதாசியில் 96 ஆகிவிட்டது. "அடுத்த முறை சேர்வர் வாங்கேக்க ஒரு புரொசெசர், 16 கோர் எண்டு கேளுங்கோ" என்றார். அது மட்டும் நடந்தால் மூன்று ஹோஸ்ட்டுக்கும் கணக்கு 48இல் நிற்கும். விஎம்வேரில் தொடர்ந்தாலும் பயன்படும் புத்தி இது. எங்களுக்கு லைசன்ஸ் எடுத்துத் தந்த இடைத்தரகர் கம்பனி அதுவரை இதை வாயே திறந்து சொல்லவில்லை.

அதே கூட்டத்தில் இன்னொருவர் இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து புரொக்ஸ்மொக்ஸுக்கு ஒரு விண்டோஸ் சேர்வரை எங்கள் கண்முன்னே மாற்றிக் காட்டினார். 2024இல் புரொக்ஸ்மொக்ஸ் அதற்கென்றே ஓர் இம்போர்ட் வசதியைக் கொண்டுவந்திருந்தது. கொப்பி ஆனது, ஓன் செய்தார், நீலத் திரை. அவர் அசரவில்லை, காட்ட விரும்பியதே அதைத்தான். புதிய இடத்தில் டிஸ்க் விர்ட்ஐஓ (வேர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள இணைப்பு முறை) வழியாக வருகிறது, விண்டோஸிடம் அதற்கான டிரைவர் இல்லை, பூட் டிஸ்க்கே அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. டிஸ்க்கை, விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரிந்த சாதாரண இணைப்பான சாட்டா என்று மாற்றினார், விண்டோஸ் எழும்பியது. டிரைவரைப் போட்டார். வெறும் ஒரு ஜிபி அளவில் இன்னொரு டிஸ்க்கை விர்ட்ஐஓவில் சேர்த்து, விண்டோஸ் அதை அடையாளம் காணும்வரை பொறுத்தார். அப்புறம் பூட் டிஸ்க்கையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றினார், பிரச்சினையில்லாமல் ஓடியது. பெரிய மாநாட்டு டெமோவில் நீலத் திரை வரவே வராது. எங்களுக்கோ அந்த நீலத் திரைதான் வேண்டியிருந்தது.

பெரிய மாநாடுகளை ஒன்லைனில் இன்னும் பார்க்கிறேன், வேறு கண்ணோடு. 2024 எக்ஸ்புளோரில் புரோட்கொம் தலைவர் ஹொக் டான் பிரைவேட் கிளவுட்தான் (ஒரு நிறுவனம் தனக்கென்றே வைத்திருக்கும் கிளவுட்) எதிர்காலம் என்று அழுத்திச் சொன்னார். பெரிய வங்கிக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் அது பொருந்தலாம். மூன்று ஹோஸ்ட் கம்பனி அந்தப் பேச்சில் எங்குமே இல்லை. யார் மேடையில் இல்லை என்பதைக் கவனித்தால் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று விளங்கும். விஎம்வேரின் போட்டியாளரான நியூட்டானிக்ஸின் டொட் நெக்ஸ்ட் மாநாட்டில் நடந்ததையும் பாருங்கள். ஸ்டோரேஜ் தன் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வளர்ந்த கம்பனி அது. 2024இல் டெல்லின் ஸ்டோரேஜான பவர்ஃபிளெக்ஸுக்கும், 2025இல் பியூர் ஸ்டோரேஜ் கம்பனியின் ஸ்டோரேஜுக்கும் இடம் கொடுப்பதாக அறிவித்தது. ஏற்கெனவே ஸ்டோரேஜ் வாங்கி வைத்திருப்பவர்களையும் விஎம்வேரிலிருந்து தன் பக்கம் இழுக்க வேண்டுமே!

சரி, காசு விஷயம். சொந்தக் காசில் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகாதீர்கள். கம்பனி அனுப்பினால் ஒரு தடவை போங்கள். மேடைப் பேச்சுகள் பிறகு ஒன்லைனில் கிடைக்கும், ஆகவே அந்த நேரத்தை உங்கள் அளவுக் கம்பனியில் வேலை செய்பவர்களைத் தேடிப் பேசச் செலவழியுங்கள். கொழும்புக் கூட்டம் என்றால் பஸ் காசு உங்களுடையதாக இருந்தாலும் போங்கள். போகும்போது உங்கள் ஹோஸ்ட், கோர், ஸ்டோரேஜ், பேக்கப் விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்தப் பக்கம் கையில் இருந்தால்தான் மற்றவர் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

நாங்கள் இன்னும் விஎம்வேரில்தான். விஎம்வேரின் சேர்வர் மென்பொருள் தொகுப்பான வீஸ்பியர் 7க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 2ஆம் திகதியோடு முடிந்தது, நாங்கள் இருக்கும் 8க்கு 2027 ஒக்டோபர் வரை இருக்கிறது. அதற்குள் முடிவெடுக்க வேண்டும். வேர்ச்சுவல் மெஷின்களை மாற்றும் வழியும் தெரியும், பேக்கப் மென்பொருளான வீமும் இப்போது புரொக்ஸ்மொக்ஸில் பேக்கப் எடுக்கிறது. மிச்சம் ஒரு கேள்விதான்: ஹைப்பர்வைசரை (விஎம்வேர், புரொக்ஸ்மொக்ஸ் போன்ற அடித்தள மென்பொருளை) மாற்றிய பிறகும் முன்பதிவு மென்பொருள் விற்றவர்கள் சப்போர்ட் தருவார்களா? அடுத்த கொழும்புக் கூட்டத்துக்கு இதைத்தான் எடுத்துப் போகிறேன். வடக்கு கிழக்கில் ஹோட்டல் மென்பொருளோடு யாராவது ஏற்கெனவே மாறியிருந்தால், எந்த மென்பொருள், விற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.