காட்பாடியில் லினக்ஸ் தெரிந்த ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடை

வேலூர்ப் பகுதியில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்று) என்று சொன்னதுமே "விண்டோஸ் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்கும் கடைகளே மிகுதி; காட்பாடியில் உள்ள இந்தச் சிறிய கடை அதற்கு விதிவிலக்கு.

என் மேசைக் கணினியில் இருப்பது கெப்ளர் வகையைச் சேர்ந்த பழைய என்விடியா ஜிடி 710 வரைகலை அட்டை. அதை இயக்கும் மென்பொருளான டிரைவரின் புதிய பதிப்பை (535) நிறுவிய பிறகு திரை கறுப்பாகவே நின்றது. கடைப் பணியாளர் வன்தட்டை அழிக்கும் பேச்சையே எடுக்கவில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் (GRUB) பட்டியலில் 'e' விசையை அழுத்தி, 'linux' என்று தொடங்கும் வரியின் முடிவில் 'nomodeset' என்று சேர்த்ததும், மங்கலாகவேனும் திரை வந்தது. கெப்ளர் அட்டைகளுக்கான ஆதரவு டிரைவரின் 470 வரிசையோடு முடிந்துவிட்டது என்பதை விளக்கி, 535-ஐ நீக்கி 470-ஐ நிறுவினார். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் தொடக்கப் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்ததால், மறுதொடக்கத்தில் தோன்றும் நீலத் திரையில் டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யாவிட்டால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த டிரைவரை ஏற்காது என்று கூறி, அந்தப் படியை என்னையே செய்ய வைத்தார். இந்தப் பொறுமைக்காகவே கடையைப் பரிந்துரைப்பேன்.

குறை உண்டு. ரசீதில் 'சர்வீஸ்' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. எந்தப் பதிப்பு நிறுவப்பட்டது என்பதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. மாலையில் கல்லூரி மாணவர் கூட்டம் நெரிவதால், காலையில் செல்வது நல்லது. கட்டணம் நியாயமானதே.