போரிக் அமில எறும்பு ஜெல்: அவசரக்காரர்களுக்கு ஆகாது, ஆனாலும் வாங்கலாம்

எறும்பு மருந்து என்றாலே பலரும் ஸ்ப்ரேயைத்தான் எடுக்கிறார்கள். அடித்ததும் சாரை அப்படியே சுருண்டு விழும், வேலை முடிந்தது என்று தோன்றும். ஓடுவது பாரோ எறும்பாக, அதாவது வீட்டுக்குள் கூடு கட்டும் பொடி மஞ்சள் எறும்பாக, இருந்தால் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதன் ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும், மருந்து பட்டதும் கூடு பிரிந்து, தலைக்கொரு ராணியும் கொஞ்சம் புழுக்களுமாக நாலு சுவருக்குள் போய் நாலு கூடாகிவிடும். அதனால்தான் போரிக் அமிலம் கலந்த இனிப்பு ஜெல்லுக்கு மாறினேன். குறைகள் உண்டு, ஆனாலும் மனதார வாங்கச் சொல்வேன்.

இது மெதுவாகக் கொல்வதால்தான் பலிக்கிறது. வேலைக்கார எறும்பு ஜெல்லை உறிஞ்சி வயிற்றில் சேர்த்துக்கொண்டு கூட்டுக்குப் போய், மற்ற எறும்புகளுக்கும் ராணிக்கும் வாயோடு வாய் ஊட்டும். வழியிலேயே செத்துவிட்டால் ராணிக்கு ஒன்றுமே போய்ச் சேராது. இனிப்புக்கு மொய்க்கும் இன்னொரு இனமான அர்ஜென்டினா எறும்புக்குச் சர்க்கரைத் தண்ணீரில் 1 சதவீதத்துக்கு மேல் போகாத போரிக் அமிலமே போதும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம், அதனால் 'அதிக வீரியம்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி எடுக்காதீர்கள். வைத்ததும் முதலில் சாரை பெருகத்தான் செய்யும். அந்த நேரத்தில் பயந்துபோய் ஸ்ப்ரே அடித்தால் எல்லாம் பாழ்.

குறை என்றால், சீக்கிரம் காய்ந்து ஏடு படிந்துவிடுகிறது, அப்புறம் எறும்பு சீண்டுவதே இல்லை, அடிக்கடி புதிதாக வைக்க வேண்டும். குழந்தைகள், நாய், பூனை கைக்கு எட்டாமலும் வைக்க வேண்டும்.

பெட்டியில் 'எல்லா எறும்புக்கும்' என்று எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சிவப்பு நெருப்பு எறும்பு எண்ணெய்ப் பண்டத்துக்கு ஓடிவரும் ரகம், அதற்கான மருந்தையே சோயா எண்ணெயில் ஊறிய மக்காச்சோளக் குருணையில்தான் தயாரிக்கிறார்கள், இனிப்பு ஜெல் அதற்குச் சரிப்படாது.

இன்னொன்றையும் யாரும் எழுதுவதில்லை: செடியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருந்தால் அவை சுரக்கும் இனிப்புத் திரவமே எறும்புக்குப் போதும், ஜெல் பக்கம் திரும்பாது. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்ற 'மஞ்சள் பைத்தியக்கார எறும்பு' என்ற இனத்துக்கு ஹெலிகாப்டரிலிருந்து விஷத் தீனி தூவினார்கள், குறைந்த எறும்பு மறுபடி பெருகியது. கடைசியில் 2016-ல், அந்த எறும்புக்கு இனிப்புச் சுரந்து தரும் செதில் பூச்சியை அழிக்கச் சின்னக் குளவிகளை விட்டார்கள். அதனால் ஜெல் வைக்கும் முன் செடிகளைக் கழுவிவிடுங்கள்.

புதுச் செடித்தொட்டி வாங்கினால் அடி மண்ணையும் பாருங்கள். அர்ஜென்டினா எறும்பின் ராணி பறந்து போய் ஊர் பிடிப்பதில்லை, தூர தேசங்களுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனது நாம்தான். தெற்கு ஐரோப்பாக் கரையோரம் ஏறக்குறைய 6,000 கிலோமீட்டருக்கு அது ஒரே கூட்டமாகப் பரவியிருக்கிறது, கூட்டுக்குக் கூடு சண்டையே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் வீட்டில் மட்டும் ஜெல் வைத்தால் பக்கத்து வீட்டு எறும்பு வந்து இடத்தை நிரப்பும், நாலு வீடு சேர்ந்து வைத்தால்தான் பலன்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். நெருப்பு எறும்போ என்று சந்தேகம் வந்தால் மட்டும் இதை வாங்காதீர்கள், புற்றைக் கிளறவும் வேண்டாம், புகைப்படம் எடுத்து வேளாண்மைத் துறைக்கு அனுப்புங்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2001-ல் கண்டுபிடித்த அந்த எறும்பை இன்னும் ஒழிக்க முடியவில்லை.